சொந்த வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க எச்ஓஏ-விடம் எதற்கு அனுமதி?

கேள்வி: டாலஸ் பக்கம் வீடு வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. முன்பக்கச் செங்கல் சுவருக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கவும், பின்பக்க வேலியை 8 அடிக்கு உயர்த்தவும் எச்ஓஏ (குடியிருப்பின் வீட்டுக்காரர்கள் சங்கம்) அனுமதி வேண்டுமாம். என் காசு, என் வீடு. நான் ஏன் யாரிடமோ கேட்க வேண்டும்? கேட்காமல் செய்தால் என்ன செய்துவிடுவார்கள்?

பதில்:

கேட்டுத்தான் ஆக வேண்டும். உங்கள் கோபம் நியாயமானதுதான், ஆனால் சட்டம் அந்தப் பக்கம் நிற்கிறது. குடியிருப்பின் முதல் வீட்டை விற்பதற்கு முன்பே பில்டர் கவுன்ட்டி அலுவலகத்தில் ‘டெக்ளரேஷன்’ என்று ஒரு ஆவணத்தைப் பதிவு செய்துவிடுவார். வேலி எவ்வளவு உயரம், கூரை என்ன பொருள், எதை மாற்றினால் யாரிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அது ஆளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் என்பதைவிட நிலத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் என்பதே சரி. உங்களுக்கு முன் இருந்தவர், நீங்கள், நாளை உங்களிடம் வாங்கப் போகிறவர் எல்லோரும் அதற்குள்தான். படித்தேனா இல்லையா என்ற பேச்சுக்கே இடமில்லை. குளோசிங் அன்று, அதாவது வீடு உங்கள் பெயருக்கு மாறிய நாளில், கையெழுத்துக்கு நீட்டிய காகிதக் கட்டுக்குள் அதுவும் இருந்திருக்கும். யார் அதையெல்லாம் உட்கார்ந்து படிக்கிறார்கள்!

டெக்சாஸில் இந்த முறை இவ்வளவு வேரூன்றியதற்கு ஹூஸ்டன் நல்ல உதாரணம். அவ்வளவு பெரிய நகரத்தில் எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று நகரமே வகுக்கும் வழக்கமான ஜோனிங் சட்டம் கிடையாது. ஒரு தெருவில் வீடு மட்டும்தான் இருக்கலாம், கடை வரக்கூடாது என்பதைப் பல இடங்களில் இந்தப் பத்திரக் கட்டுப்பாடுகள்தான் தீர்மானிக்கின்றன. இதற்கு ஓர் அழுக்கான வரலாறும் உண்டு. கறுப்பினத்தவருக்கு வீட்டை விற்கக்கூடாது என்று எழுதி வைக்கவும் ஒரு காலத்தில் இதே கருவியைத்தான் பயன்படுத்தினார்கள். அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று 1948-இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய பேட்டைகளின் பத்திரங்களைப் புரட்டினால் அந்த வரிகள் இன்னும் கண்ணில் படும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். எங்கள் குடியிருப்பின் ஏசிசி-யில், அதாவது வெளிப்புற மாற்றங்களுக்கு அனுமதி தரும் கமிட்டியில், நானும் இருக்கிறேன். அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

நிராகரிக்கப்படும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ரசனைக் கோளாறால் போவதில்லை. காகிதம் போதாமல் போகின்றன. ‘வீட்டுக்கு லைட் கலர் பெயின்ட்’ என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் கமிட்டி அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? கம்பெனி பெயர், நிறத்தின் பெயர், எண் மூன்றும் வேண்டும். ஷெர்வின்-வில்லியம்ஸ் அலபாஸ்டர் 7008 என்று எழுதி, கடையில் கிடைக்கும் கலர் சிட்டையைச் சுவரில் ஒட்டிப் படம் எடுத்து இணைத்தால் பாதி வேலை முடிந்தது. எந்தெந்தப் பகுதிக்கு என்பதையும் சொல்ல வேண்டும். டிரிம், கதவு, கராஜ் கதவு, ஷட்டர் எல்லாம் தனித்தனிக் கணக்கு.

உங்கள் கேள்வியில் சிக்கலானது செங்கல்தான். இந்தப் பகுதி வீடுகளில் முகப்பே செங்கல். அதற்கு வெள்ளை அடிப்பது சில வருடங்களாகப் பெரிய மோகம். பல எச்ஓஏ-க்கள் இதை அடியோடு தடை செய்திருக்கின்றன, சில மட்டும் லைம்வாஷ் (சுண்ணாம்புப் பூச்சு) வரை அனுமதிக்கின்றன. இது வெறும் பிடிவாதம் என்று நான் நினைக்கவில்லை. செங்கல் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் பொருள். காற்றோட்டம் இல்லாத பெயின்ட்டைப் பூசினால் ஈரம் உள்ளே மாட்டி, சில வருடங்களில் பொருக்குப் பொருக்காக உரியத் தொடங்கும். ஒருமுறை அடித்துவிட்டால் பழைய செங்கல் முகத்தைத் திரும்பக் கொண்டுவருவதும் லேசில் முடியாது. டெக்ளரேஷனிலோ, எச்ஓஏ-வின் தோற்ற விதிகளான டிசைன் கைட்லைனிலோ ‘மேசன்ரி பெயின்டிங்’ (செங்கல், கல் சுவருக்குப் பெயின்ட்) பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தடை என்று தெளிவாக இருந்தால் பெயின்ட்காரருக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

வேலிக்கு வேறு கதை. 6 அடியிலிருந்து 8 அடிக்குப் போவதென்றால் சிட்டி பெர்மிட்டும் தேவைப்படலாம், ஏசிசி அனுமதியும் வேண்டும். ஒன்று கிடைத்தால் மற்றது கிடைத்ததாக ஆகாது. இதில் ஏமாறுகிறவர்கள் நிறைய. கான்ட்ராக்டர் ‘பெர்மிட் எல்லாம் நான் பார்த்துக்கறேன்’ என்பார், அது சிட்டி பெர்மிட் மட்டும்தான். விண்ணப்பத்தோடு வீட்டின் சர்வே (மனை அளவு வரைபடம்) நகலை வைத்து, வேலி வரும் கோட்டை அதன் மேலேயே வரைந்து காட்டுங்கள். தண்ணீர் வடிகால், மின்கம்பி ஈஸ்மென்ட் (உங்கள் மனையிலேயே பிறர் பயன்பாட்டுக்கு விட வேண்டிய பகுதி) எங்கே போகிறது என்பது அதில் தெரிந்துவிடும். பலகை சீடர் (cedar) மரமா, தூண் இரும்பா, ஸ்டெயின் எந்த நிறம், நல்ல முகம் தெருப் பக்கமா உள்பக்கமா என்பதையும் எழுதுங்கள். இங்குள்ள களிமண் வெயிலில் சுருங்கி மழையில் உப்பும். மரத்தூண் போட்ட வேலிகள் சில வருடத்திலேயே சாய்வது அதனால்தான். இரும்புத்தூண் என்று எழுதினால் கமிட்டியும் கேள்வி கேட்காது, உங்களுக்கும் நல்லது. பக்கத்து வீட்டோடு பொதுவான வேலி என்றால் அவரிடம் முன்கூட்டியே பேசி, ஒரு மின்னஞ்சலாவது வாங்கி வையுங்கள். எங்களிடம் வரும் சண்டைகளில் பாதி எச்ஓஏ சண்டையே இல்லை, இரண்டு வீட்டுக்காரர்களின் சண்டை.

அனுப்பிவிட்டு எத்தனை நாள் காத்திருப்பது? 30 நாள் என்று பல டெக்ளரேஷன்களில் இருக்கும். பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகச் சிலவற்றில் எழுதியிருக்கும், நிராகரிக்கப்பட்டதாக வேறு சிலவற்றில் எழுதியிருக்கும். உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் 31-ஆம் நாள் வேலைக்கு ஆளைக் கூப்பிடாதீர்கள்.

கேட்காமல் செய்தால்? முதலில் எச்ஓஏ-வின் அன்றாட வேலைகளைப் பார்க்கும் மேனேஜ்மென்ட் கம்பெனியிலிருந்து நயமான ஒரு கடிதம் வரும். அவர்களுடைய ஆள் தெருத்தெருவாகக் காரில் போய்ப் படம் எடுப்பதுதான் வேலை. அடுத்தது சர்ட்டிஃபைட் மெயிலில் வரும், மேனேஜர்கள் ‘209 லெட்டர்’ என்பார்கள். டெக்சாஸ் சொத்துச் சட்டத்தின் 209-ஆம் அத்தியாயத்திலிருந்து வந்த பெயர் அது. அபராதம் போடுவதற்கு முன் இந்தக் கடிதத்தை அனுப்பியே ஆக வேண்டும். சரிசெய்யக்கூடிய தவறு என்றால் அதற்கு நியாயமான அவகாசம் தர வேண்டும், 30 நாளுக்குள் நீங்கள் விசாரணை கேட்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். அதே தவறுக்கு ஆறு மாதத்துக்குள் ஏற்கெனவே அவகாசம் கொடுத்திருந்தால் இரண்டாவது சலுகை கிடையாது. அதற்கும் மசியாவிட்டால் அபராதம், பிறகு பழையபடி மாற்றச் சொல்லி வழக்கு. அபராதத் தொகைக்காகவோ அதை வசூலிக்கும் வக்கீல் செலவுக்காகவோ மட்டும் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோக டெக்சாஸ் சட்டம் விடாது. எச்ஓஏ-வின் வருடச் சந்தா பாக்கி வைத்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை, அதில் விளையாடாதீர்கள்.

உண்மையான வலி விற்கும்போது வரும். வாங்குபவருக்காக எச்ஓஏ தரும் ரீசேல் சர்ட்டிஃபிகேட்டில், அதன் நிர்வாகக் குழுவான போர்டுக்குத் தெரிந்த மீறல்களைக் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். எட்டு வருடம் யாரும் கண்டுகொள்ளாத வேலி குளோசிங்குக்கு முந்தின வாரம் பேசத் தொடங்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாவிட்டால் நான் கமிட்டிக்காரன் புத்தியைக் காட்டியதாக ஆகிவிடும். 2021-இல் டெக்சாஸ் இந்தச் சட்டத்தை நன்றாக இறுக்கியது. 40 மனைகளுக்கு மேல் உள்ள எச்ஓஏ-க்களில் போர்டு உறுப்பினரோ, அவருடைய கணவன் மனைவியோ, அவரோடு ஒரே வீட்டில் இருப்பவரோ ஏசிசி-யில் இருக்க முடியாது. நிராகரித்தால் காரணத்தையும், எதை மாற்றினால் அனுமதி கிடைக்கும் என்பதையும் எழுத்தில் தர வேண்டும். அதை வைத்து 30 நாளுக்குள் போர்டிடம் விசாரணை கேட்கலாம். ‘பார்க்க நன்றாயில்லை’ என்று ஒற்றை வரியில் கடிதம் வந்தால் அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். எந்தத் தவறுக்கு எவ்வளவு அபராதம் என்ற பட்டியலோடு எழுத்துபூர்வமான கொள்கை இருக்க வேண்டும் என்பதும் 2024 முதல் கட்டாயம்.

எச்ஓஏ தொடவே முடியாத சில விஷயங்களும் இருக்கின்றன. சோலார் பேனலை மொத்தமாகத் தடுக்க முடியாது. கூரையில் எந்தப் பக்கம் என்று அவர்கள் சொல்லலாம். ஆனால் நீங்கள் கேட்கும் இடத்தில் வருட மின் உற்பத்தி 10 சதவீதத்துக்கு மேல் கூடும் என்று காட்டினால் உங்கள் இடம்தான். ஆலங்கட்டி மழையைத் தாங்கும் ஷிங்கிள் (கூரை மேல் வேயும் தகடு), தோற்றம் பொருந்தி வந்தால், மறுக்க முடியாது. இந்த ஊரில் இது சின்ன விஷயமில்லை. ஒரு பெரிய ஆலங்கட்டி மழைக்குப் பிறகு கூரைக் கான்ட்ராக்டர்கள் வீட்டு வாசலில் கியூ நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைநீர்த் தொட்டி, பாதுகாப்புக் கேமரா இவற்றுக்கும் பாதுகாப்பு உண்டு, ஆனால் எங்கே, எப்படி வைப்பது என்று அவர்கள் நிபந்தனை போடலாம். ஒரு மீட்டர் விட்டம் வரையுள்ள டிஷ் ஆன்டெனாவுக்கு 1996-இலிருந்தே மத்திய அரசின் விதி காவல்.

நம்மவர்கள் அதிகம் கேட்பது வாசல் விஷயம். மாவிலைத் தோரணம், வாசலில் பிள்ளையார் இவற்றுக்கு 2011-இல் வந்த டெக்சாஸ் சட்டம் கதவில் 25 சதுர அங்குலம் வரைதான் இடம் தந்தது, அதாவது உள்ளங்கை அளவு. 2021-இல் அந்த அளவுக் கணக்கை எடுத்துவிட்டார்கள். மனப்பூர்வமான மத நம்பிக்கையால் வைக்கும் பொருள்களை உங்கள் வீட்டிலும் மனையிலும் வைக்கலாம். பாதுகாப்புக்கு ஆபத்தாகவோ, பொது இடத்திலோ, ஈஸ்மென்ட்டிலோ இருக்கக்கூடாது. அரிசி மாவுக் கோலத்தைப் பற்றி எங்களுக்கு ஒரு புகாரும் வந்ததில்லை. டிரைவ்வேயில் பெயின்ட் கோலம் போடுவதென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஆகஸ்ட் 15-க்கு மூவர்ணக் கொடி ஏற்ற நினைப்பவர்களுக்கு ஒன்று: கொடிச் சட்டம் காப்பது அமெரிக்கக் கொடி, டெக்சாஸ் கொடி, அமெரிக்கப் படைப்பிரிவுகளின் கொடிகளை மட்டும்தான். மற்றதெல்லாம் உங்கள் டெக்ளரேஷன் கையில்.

பராமரிப்புக் கடிதங்களை இவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வடக்குச் சுவரில் பச்சைப் பாசி, சாய்ந்த மெயில்பாக்ஸ், குப்பைத் தொட்டி தெருவில் தெரிவது, பட்ட மரம் இவற்றுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், சரிசெய்துவிட்டுப் படத்தை அனுப்பினால் ஃபைலை மூடிவிடுவார்கள். பெர்முடா புல் குளிர்காலத்தில் பழுப்பாவது இயல்பு, அது செத்த புல்லாகாது. அப்படிக் கடிதம் வந்தால் மரியாதையாகப் பதில் எழுதுங்கள். தண்ணீர்க் கட்டுப்பாடு இருக்கும் காலத்தில் பழுப்புப் புல்லுக்காக அபராதம் போடக்கூடாது என்று 2025-இல் சட்டமே வந்துவிட்டது.

உங்கள் இரண்டு வேலைகளில் வேலிக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள். செங்கலுக்கு, கைட்லைனைப் படித்த பிறகு லைம்வாஷ் என்று கேட்டுப் பாருங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு போர்டு விசாரணைக்குப் போங்கள். உங்கள் குடியிருப்பின் அதே பிரிவில் ஏற்கெனவே அனுமதி வாங்கி அடித்த வீடு இருந்தால் அதன் படத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.