ஆலை மூடிய நிலத்தைச் சுத்தம் செய்வது யார் பொறுப்பு? கேள்வி-பதில்

கேள்வி: முலாம் பூசும் பட்டறை இருந்த இடத்தை வாங்கினேன். வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லை. இப்போது மண்ணில் குரோமியம் என்கிறார்கள். பொறுப்பு எனக்கா?

வில்லங்கச் சான்றில் அடமானம் தெரியும், நஞ்சு தெரியாது. கழிவைக் கொட்டியவரே சுத்தம் செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்பதை ராஜஸ்தானின் பிச்ரி கிராம வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் உறுதிப்படுத்தியது. ஆனாலும் வளாகம் இன்று உங்கள் கையில் இருப்பதால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நோட்டீஸ் உங்களுக்கும் வரலாம். அஸ்திவாரம் தோண்டி, அந்த மண்ணை வேறிடத்தில் கொட்டினால் நீங்களும் மாசுபடுத்தியவர் ஆகிவிடுவீர்கள். வேலையை உடனே நிறுத்துங்கள். பழைய பட்டறை இயங்க வாரியம் தந்த அனுமதியான இசைவாணையின் நகல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் அந்த வாரியத்திடம் கேளுங்கள். அங்கே என்ன தொழில் நடந்தது, என்ன கழிவு வெளியேறியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

கேள்வி: எங்கள் ஊரில் தோல் தொழிற்சாலைகளும் உண்டு, மூடிய குரோமேட் ஆலையும் உண்டு. கிணற்று நீர் மஞ்சளாக வருகிறது. யாரைக் கேட்பது?

ராணிப்பேட்டைப் பகுதியில் எழும் கேள்வியே இதுதான். இங்கே வேதியியல் கைகொடுக்கும். குரோமியம் இரு வடிவில் வரும். தோல் பதனிட முக்கியமாகப் பயன்படுவது மூவிணைதிற குரோமியம் (Cr III). குரோமேட் ஆலைக் கழிவில் இருப்பது நீரில் எளிதில் கரைந்து மஞ்சள் நிறம் தரும் அறுவிணைதிற குரோமியம் (Cr VI). ஆகவே "மொத்த குரோமியம்" மட்டும் சோதித்த அறிக்கை வழக்கில் பாதிப் பயன்தான் தரும். இரண்டையும் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள். நீர் மாதிரியைக் குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். தாமதித்தால் அறுவிணைதிறம் மூவிணைதிறமாக மாறி, குற்றவாளி அறிக்கையிலிருந்து மறைந்துவிடலாம்.

கழிவுக் குவியலுக்கு மேற்புறம் (நிலத்தடி நீர் வரும் பக்கம்) ஒன்று, கீழ்ப்புறம் (நீர் போகும் பக்கம்) இரண்டு மூன்று எனக் கிணறுகளை ஒரே நாளில் சோதியுங்கள். மேற்புறக் கிணறு இல்லாத அறிக்கையை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எளிதாக உடைத்துவிடுவார். குடிநீரில் மொத்த குரோமியத்துக்கு இந்தியத் தரநிலை வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்.

கேள்வி: கம்பெனி கைமாறிவிட்டது. புதிய நிர்வாகம் "அது பழைய ஆட்கள் செய்தது" என்கிறது.

எப்படிக் கைமாறியது என்று பாருங்கள். இணைப்பு என்றால் பொதுவாகச் சொத்தோடு கடப்பாடும் சேர்ந்தே வரும். கொடைக்கானல் பாதரச வெப்பமானி ஆலை பாண்ட்ஸ் நிறுவனத்துடையது. 1998 இணைப்பில் அது ஹிந்துஸ்தான் லீவரிடம் வந்தது. 2001இல் ஆலை மூடப்பட்ட பின் சுத்தம் செய்யும் பொறுப்பும் அந்த நிறுவனத்தின் மேல்தான் விழுந்தது.

வெறும் நிலத்தையோ இயந்திரத்தையோ விற்றிருந்தால் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். "மாசுக்கு வாங்கியவரே பொறுப்பு" என்ற வாசகம் அந்த இருவருக்குள் கணக்குத் தீர்க்க மட்டும் உதவும். வாரியத்தையோ தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தையோ அது கட்டுப்படுத்தாது.

போபால் விஷவாயு ஆலை விஷயத்தில் நடந்தது வேதனை. யூனியன் கார்பைடு தன் இந்தியப் பங்குகளை 1994இல் விற்றது. நிலம் 1998இல் மாநில அரசிடம் திரும்பியது. 2001இல் டவ் கெமிக்கல் கார்பைடை வாங்கியது. பொறுப்பைத் தட்டிக்கழிக்க ஆளாளுக்கு ஒரு காரணம் இருந்ததால், 337 டன் கழிவு 2025இல்தான் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் எரிக்கப்பட்டது. அதுவும் அரசுப் பணத்தில். நிலத்தடி மாசு அப்படியே இருக்கிறது.

கேள்வி: முதலாளியைக் காணவில்லை. யார் செலவழிப்பார்கள்?

2025 ஜூலையில் வந்த மாசுபட்ட இடங்கள் மேலாண்மை விதிகளின்படி பொறுப்பாளியை மாநில வாரியம் 90 நாளுக்குள் கண்டறிய வேண்டும். அவர் இல்லாமலோ வக்கற்றோ போனால் மத்திய, மாநில அரசுகள் செலவிடும். முதலில் உள்ளாட்சியும் மாவட்ட நிர்வாகமும் சந்தேக இடங்களைப் பட்டியலிட வேண்டும். ஆகவே ஆட்சியருக்கு எழுத்து மூலம் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 9(3) பிரிவின்கீழ், சீரமைப்புக்கு அரசு செய்த செலவை வட்டியுடன் நில வருவாய் நிலுவைபோல வசூலிக்கலாம். முதலாளிக்கு வேறெங்காவது சொத்து இருந்தால் அதையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

கேள்வி: எத்தனை வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும்?

இழப்பீடும் நிலச் சீரமைப்பும் கேட்டுத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் செல்ல ஐந்து ஆண்டு. தக்க காரணம் காட்டினால் கூடுதலாக 60 நாள். மற்ற சுற்றுச்சூழல் வழக்குகளுக்கு ஆறு மாதம்தான். தமிழ்நாட்டுக்குச் சென்னை அமர்வு.