பால் தண்ணீராக இருந்தால் சத்து இல்லையா?

கேள்வி: எனக்கு முதல் குழந்தை. ஐம்பது நாள் ஆகிறது, தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். நாங்கள் சைவம். அம்மா வீட்டில் பத்தியம் என்று பச்சரிசிச் சோற்றைக் குழைய வடித்து, மிளகு ரசமும் பூண்டுக் குழம்பும் மட்டும் தருகிறார்கள். பருப்பு வாயு, தயிர் சளி, கீரை மந்தம், பழம் குளிர்ச்சி. பாலைப் பீய்ச்சிப் பார்த்தால் தண்ணீர் மாதிரி இருக்கிறது. அதில் சத்து இருக்குமா?

பதில்: முதலில் அந்தத் தண்ணீர் சமாச்சாரத்தை முடித்துவிடுவோம். மார்பு நிறைந்திருக்கும்போது முதலில் வரும் பாலில் கொழுப்பு குறைவு; நீர்த்துத்தான் இருக்கும், லேசாக நீலம் பாரித்தும் தெரியும். குழந்தை குடிக்கக் குடிக்கக் கொழுப்பு கூடிக் கெட்டியாகும். நீங்கள் பீய்ச்சிப் பார்த்தது அந்த முதல் சொட்டுகளை. எருமைப்பால் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தாய்ப்பால் எப்போதுமே தண்ணீர்தான்! குழந்தை ஒரு பக்கம் குடித்து முடித்துத் தானாக வாயை எடுத்த பிறகு மறுபக்கம் மாற்றுங்கள். நாளுக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போய், எடையும் தினம் 25 முதல் 30 கிராம் என்ற கணக்கில் ஏறினால் பால் போதுமான அளவு கிடைக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது சத்து. 100 மில்லி தாய்ப்பாலில் சுமார் 65 முதல் 70 கலோரி, 1 கிராம் புரதம், 7 கிராம் பால்சர்க்கரை இருக்கும். அம்மா அரைவயிறு சாப்பிட்டாலும் இது பெரிதாக மாறாது. கால்சியமும் அப்படியே. பாலுக்கு வேண்டிய கால்சியத்தில் ஒரு பங்கை உடம்பு உங்கள் எலும்பிலிருந்தே எடுக்கும். பால் நிறுத்திய பிறகு எலும்பு மெல்லத் தேறிவிடும். இரும்புச்சத்து பாலில் குறைவுதான், நீங்கள் மாத்திரை போட்டாலும் பாலில் அது அதிகமாகாது. அரசு பிரசவத்துக்குப் பிறகு 180 நாளுக்குத் தரும் இரும்பு மாத்திரை உங்கள் ரத்தத்துக்காக. அதை நிறுத்தாதீர்கள்.

ஆனால் எல்லாச் சத்தும் இப்படி இல்லை. சிலது உங்கள் தட்டில் குறைந்தால் பாலிலும் குறையும். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அந்தப் பச்சரிசிதான்.

தீட்டிய பச்சரிசியில் தயமின் என்கிற பி1 வைட்டமின் மிகக் குறைவு. இருக்கிற கொஞ்சமும் அரிசி கழுவும் நீரிலும் வடித்த கஞ்சியிலும் போய்விடும். புழுங்கல் அரிசி வேறு கதை: நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி வைட்டமின்கள் அரிசிக்குள் இறங்கிவிடுகின்றன. அம்மாவின் உடம்பில் தயமின் சேமிப்பு சில வாரங்களுக்கு மேல் தாங்காது. அப்புறம் பாலிலும் குறையும். அம்மா நன்றாகவே இருப்பார். இரண்டு மூன்று மாதக் குழந்தைதான் திடீரென்று பால் குடிக்க மறுக்கும், வாந்தி எடுக்கும், மூச்சு வாங்கும், அழுகைச் சத்தம் கம்மிப்போகும். இதயம் தளர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். காஷ்மீரில் பிரசவித்த பெண்கள் தீட்டிய அரிசிச் சோற்றோடு நிறுத்திக்கொள்ளும் குடும்பங்களில் இப்படிக் குழந்தைகள் வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தயமின் ஊசி போட்டால் சில மணி நேரத்திலேயே தெளிவு தெரியும். நேரத்தோடு போக வேண்டும், அவ்வளவுதான். உங்கள் குழந்தைக்கு இது வந்துவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் புழுங்கல் அரிசிக்கு இன்றே மாறுங்கள், கஞ்சியை வடித்துக் கொட்டாதீர்கள், பருப்பைச் சேருங்கள். சாப்பிட்டதும் வெற்றிலையோடு பாக்குப் போடும் வழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், பாக்கின் துவர்ப்பு தயமினைக் கெடுக்கும்.

சைவம் என்பதால் இன்னொன்று, பி12. காய்கறி, கீரை, பருப்பு எதிலும் இது கிடையாது; சைவர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. அந்தத் தயிரையும் சளி என்று நிறுத்திவிட்டார்கள். அம்மாவிடம் பி12 குறைந்திருந்து பிள்ளை தாய்ப்பாலை மட்டுமே நம்பி வளர்ந்தால், ஆறு மாதத்துக்குப் பிறகு ரத்தம் குறைந்து, கை நடுங்கி, சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை மந்தமாகிவிடுவதைக் குழந்தை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குறைவு என்றால் மாத்திரையோ ஊசியோ மருத்துவர் சொல்வார்.

அயோடினும் தட்டிலிருந்துதான் வருகிறது. வீட்டில் கல் உப்பு என்றால் பாக்கெட்டில் அயோடின் கலந்தது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். வைட்டமின் டி மட்டும் நீங்கள் நன்றாகச் சாப்பிட்டாலும் பாலில் போதுமான அளவு வராது. குழந்தைக்குத் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து தேவை, இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

சரி, அம்மாவிடம் என்ன சொல்வது? பருப்பால் வரும் வாயு உங்கள் குடலில்தான் இருக்கும், ரத்தத்தில் ஏறிப் பாலுக்குப் போகாது. சளி கிருமியால் வருவது, நீங்கள் சாப்பிட்ட தயிரால் அல்ல. குழந்தையின் மலத்தில் ரத்தமோ சளியோ தெரிந்தால் மட்டும் நீங்கள் சாப்பிடும் பசும்பாலும் தயிரும் அதற்கு ஒவ்வவில்லையா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். முதல் ஆறு மாதம் உங்களுக்கு வழக்கத்தைவிட நாளுக்கு 600 கலோரியும் 17 கிராம் புரதமும் கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்கு. ரசச் சோற்றில் அது வராது. ஒரு கிண்ணம் பருப்பு, இரண்டு வேளை தயிர், முருங்கைக்கீரை, கையளவு வேர்க்கடலை, ஒரு பழம். முருங்கைக்கீரையில் தொடங்குங்கள், பால் சுரக்கும் என்று ஊரே நம்புகிற கீரை, அம்மாவால் மறுக்க முடியாது.

பூண்டுக் குழம்பு இருக்கட்டும். 1991இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், சுவையையும் வாசனையையும் ஆராயும் மோனெல் மையத்தில் இதைச் சோதித்தார்கள். அம்மா பூண்டு சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் பாலில் அந்த வாசனை தூக்கலாக வந்தது. பிள்ளைகள் முகம் சுளிக்கவில்லை, அன்றைக்கு இன்னும் அதிக நேரம் மார்பில் இருந்து குடித்தார்கள்.