அண்ணாச்சி பதில்கள்: 'சாமி'யும் 'சாமி ஸ்கொயரு'ம்

கேள்வி: அண்ணாச்சி, டிவியில் 'சாமி' எத்தனை தடவை போட்டாலும் எங்கள் வீட்டில் சேனலை மாற்ற மாட்டோம். 'சாமி ஸ்கொயர்' வந்தால் பத்து நிமிஷத்தில் ரிமோட்டைத் தேடுகிறோம். அதே டைரக்டர் ஹரி, அதே விக்ரம். எங்கே தப்பு நடந்தது?
(கல்லூரி மாணவர், பேட்டை)

பதில்: தம்பி, 2003 மே மாத வெயிலில் ஜங்ஷன் பக்கம் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து 'சாமி' பார்த்தவன் நான். கதை நடப்பது திருநெல்வேலியில் என்று தெரிந்ததுமே தியேட்டரில் விசில் காதைப் பிளந்தது. ஆனால் விசில் அடங்கின பிறகும் எங்களை உட்கார வைத்தது வில்லன் பெருமாள் பிச்சைதான். அந்த வேஷம் போட்ட கோட்டா சீனிவாச ராவுக்கு அதுதான் முதல் தமிழ்ப் படம், ஆனாலும் கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நம்ம ஊர்ப் பெரிய மனுஷர் மாதிரியே இருந்தார். 2025-ல் அவர் இறந்த செய்தி வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்தப் படம்தான்.

விக்ரம் நடித்த போலீஸ் அதிகாரி ஆறுச்சாமி, பிச்சையை எடுத்ததுமே அடிக்கவில்லை, கவனித்தீர்களா? இட்லியில் பீரை ஊற்றிச் சாப்பிடுகிற முரட்டு ஆள், ஆனால் பிச்சையிடம் ஒரு ஒப்பந்தத்துக்குப் போய், அந்த அவகாசத்தில் ஊரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரி பண்ணுகிறார். ஒருநாள் இரண்டு பேரும் முட்டிக்கொள்ளத்தான் போகிறார்கள், அது என்றைக்கு என்பதுதான் நமக்குத் தெரியாது, அந்தக் காத்திருப்பில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. கடைசியில் செங்கல் சூளையில் பிச்சையின் கதை முடிகிறது, ஆனால் ஊரும் சர்க்காரும் அவர் தலைமறைவு என்றே நம்புகின்றன.

இரண்டாம் பாகத்துக்கு இதைவிட நல்ல விதை கிடைக்காது. 2018-ல் 'சாமி ஸ்கொயர்' அதைச் சரியாகவே பிடித்தது. பிச்சையின் மகன்கள் இலங்கையிலிருந்து "அப்பா எங்கே?" என்று தேடி வருகிறார்கள். அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்புறம்தான் மனசு விட்டுப்போனது. ஆறுச்சாமியையும் அவர் மனைவி புவனாவையும் கொன்றுவிட்டு, கதையை அவர்கள் மகன் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்த மகனுக்குப் பிச்சையின் மகன் ராவணப் பிச்சையோடு நேரடியாக ஒரு கணக்கும் கிடையாது, அப்பா அம்மாவின் பகையைச் சொத்து மாதிரி வாங்கிக்கொண்டு வருகிறான். முதல் பாகத்தில் பகை நம் கண்முன்னே முளைத்து வளர்ந்தது, இங்கே வளர்ந்த மரத்தைக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். போதாததற்கு, இரண்டு படங்களுக்கும் நடுவில் 15 வருஷம்தான். முதல் படத்தைத் தியேட்டரில் பார்த்தவன், அதற்குள் அந்தப் பிள்ளை ஐபிஎஸ் ஆகிவிட்டானா என்று விரலை மடக்க ஆரம்பித்துவிடுவான். புவனாவாக த்ரிஷாவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஐஸ்வர்யா ராஜேஷ் புதுசு. அவர் நல்ல நடிகைதான், குறை அவரிடம் இல்லை.

கேள்வி: அப்படியானால் அதே ஹரியின் 'சிங்கம் 2' மட்டும் எப்படித் தப்பித்தது?
(வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: அம்மா, 2010-ல் வந்த 'சிங்கம்' படத்தில் சண்டை எதில் ஆரம்பிக்கிறது? ஒரு கையெழுத்தில். ஜாமீன் நிபந்தனைப்படி நல்லூர் ஸ்டேஷனில் வந்து கையெழுத்துப் போட வேண்டிய வில்லன் மயில்வாகனம் வேறு ஆளை அனுப்புகிறான், சூர்யா நடித்த போலீஸ் அதிகாரி துரைசிங்கம் "நீயே வா" என்கிறார். அவ்வளவுதான். ஸ்டேஷன் மேஜையில் கிடக்கிற ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து சென்னை வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிற பகை அது. இதை எழுதின கைக்கு நான் எப்போதும் மரியாதை கொடுப்பேன்.

2013-ல் வந்த இரண்டாம் பாகம் முதல் படத்தின் கடைசிக் காட்சியிலிருந்தே தொடர்ந்தது, ஆள் மாறவில்லை. துரைசிங்கம் தூத்துக்குடிப் பள்ளிக்கூடத்தில் என்சிசி மாஸ்டராக இருந்துகொண்டே கடலில் நடக்கிற கடத்தலைக் கவனிக்கிறார். அந்த முதல் பாதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிற்பாதியில் சத்தம் கூடிப்போனது, வெளிநாட்டு வில்லன் வந்ததும் உப்புக்காற்று வாசம் போய்விட்டது. இருந்தாலும் முதல் படத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம். மூன்றாவது விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டது, அதை விடுங்கள்.

கேள்வி: இரண்டாம் பாகம் பார்க்கும் முன் முதல் பாகத்தை மறுபடி பார்க்கலாமா?
(வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: வேண்டாம். படம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு பாருங்கள். அந்த ராத்திரியே பார்த்தால் இன்னும் நல்லது.