‘ரிவர்ட்’ என்றால் பதிலா, பின்வாங்கலா? அலுவலக ஆங்கிலம்: கேள்வி-பதில்

பெங்களூரில் மென்பொருள் ஆவணங்களைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. இந்த முறை வந்த கேள்விகளைப் படித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நம்மவர்கள் செய்யும் பிழைகள் பெரும்பாலும் கவனக்குறைவால் வருபவை அல்ல. தமிழில் முழுக்கச் சரியாக இருப்பதை ஆங்கிலத்துக்கு அப்படியே கொண்டுபோவதால் வருபவை. அதனால் தமிழ் இலக்கணத்தைத் தொட்டே பதில் சொல்கிறேன்.

மின்னஞ்சல் முடிவில் ‘ப்ளீஸ் ரிவர்ட் பேக்’ என்று எழுதுவேன். புதிய மேலாளர் வேண்டாம் என்கிறார். ஏன்? (எலெக்ட்ரானிக் சிட்டி)

‘ரிவர்ட்’ என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. ‘பதில் அனுப்பு’ என்ற பொருளில் அது நம் நாட்டு அலுவலகங்களில் பரவலாகப் புழங்குகிறது. வெளிநாட்டவர் பலருக்கு அந்தப் பொருள் தெரியாது. நம் ஊரில் இது பெரிய சிக்கலில் கொண்டுவிடும். நிரலாளர்கள் நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ என்ற மென்பொருளில் ‘ரிவர்ட்’ என்பது ஒரு கட்டளை. ஏற்கெனவே சேர்த்த மாற்றத்தை அது நீக்கிவிடும். நான் முன்பு இருந்த ஓர் அலுவலகத்தில் ஒரு பையன் கருத்துக் கேட்பதாக நினைத்து, ‘ப்ளீஸ் ரிவர்ட் ஆன் திஸ் சேஞ்ச்’ என்று வெளிநாட்டுக் குழுவுக்கு எழுதிவிட்டு வீட்டுக்குப் போனான். காலையில் வந்து பார்த்தால் அவன் மூன்று நாள் உழைத்துச் சேர்த்த மாற்றத்தை அவர்கள் எடுத்துவிட்டிருந்தார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை, எழுதியதைத்தான் செய்தார்கள். ‘ரிப்ளை’ என்று எழுதுங்கள்.

‘டூ த நீட்ஃபுல்’ (ஆவன செய்யுங்கள்) என்று எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வெள்ளைக்காரன் காலத்து அலுவலக வழக்கு அது. இலக்கணப்படி பிழை இல்லை. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாமலே முடிந்துவிடுகிறது. ‘வெள்ளிக்கிழமைக்குள் ஒப்புதல் கொடுங்கள்’ என்று வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஆங்கிலத்தில் ‘அ’ (a) எங்கே, ‘ஆன்’ (an) எங்கே? எம்.பி.ஏ.வுக்கு முன் எது வரும்? (அல்சூர்)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. விடை உங்கள் கையிலேயே இருக்கிறது. ‘ஓர் ஊர்’, ‘ஒரு நாடு’ என்று எழுதப் பள்ளியில் படித்தோமே, அதே விதிதான். உயிர் ஒலிக்கு முன் ‘ஓர்’, உயிர்மெய்க்கு முன் ‘ஒரு’. ஆங்கிலத்திலும் எழுத்தைப் பார்க்கக் கூடாது, ஒலியைப் பார்க்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டு ஒலியை மறைத்துவிடுகிறது. தமிழ் எழுத்து பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஐயம் வந்தால் அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். எம்.பி.ஏ. ‘எ’யில் தொடங்குகிறது: ஆன் எம்.பி.ஏ. எஃப்.ஐ.ஆர். அப்படியே. யுனிவர்சிட்டி ‘யு’வில் தொடங்குகிறது: அ யுனிவர்சிட்டி. யூரோப்பியன் கிளையன்ட் என்றாலும் ‘அ’தான். மணி நேரத்தைக் குறிக்கும் சொல்லை ‘அவர்’ என்று சொல்வதே சரி, அதில் ‘ஹ’ ஒலிக்காது. எனவே ஆன் அவர்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பேச்சில் நாம் எலியை ‘யெலி’ என்போம், எம்.பி.ஏ.வையும் ‘யெம்.பி.ஏ.’ என்போம். அந்த ‘ய’ நம் நாக்குச் சேர்ப்பது, கணக்கில் வராது.

நான் மரியாதையாகத்தான் எழுதுகிறேன். ஆனால் என் மின்னஞ்சல் அதட்டுவதுபோல இருப்பதாக அமெரிக்கக் குழு சொல்கிறது. மனசு கஷ்டமாக இருக்கிறது மேடம். (தினமும் மாரிக்குப்பம் ரயிலில் வரும் வாசகி)

கஷ்டப்படாதீர்கள். நீங்கள் மரியாதை இல்லாதவர் என்பதல்ல, உங்கள் மரியாதை வழியில் கழன்று விழுந்துவிட்டது. தமிழில் ‘ரிப்போர்ட்டை அனுப்புங்க’ என்றால் அந்த ‘ங்க’விலேயே பணிவு உட்கார்ந்திருக்கிறது. ஆங்கில வினைச்சொல்லில் அதற்கு இடமே இல்லை. ‘செண்ட் த ரிப்போர்ட்’ என்று எழுதியதும் ‘அனுப்பு’ ஆகிவிடுகிறது. அந்தக் குறையை நிரப்பத்தான் நாம் எல்லா வரியிலும் ‘கைண்ட்லி’ போடுகிறோம். அது கட்டளையைக் கட்டளையாகவே விட்டுவிடுகிறது. சிலர் காதில் எரிச்சலாகக்கூட விழுகிறது.

ஆங்கிலத்தில் பணிவு, வாக்கியத்தைக் கேள்வியாக மாற்றுவதில் இருக்கிறது. ‘குட் யூ செண்ட் மீ த ரிப்போர்ட் பை த்ரீ?’ என்று கேளுங்கள். கூடவே ஏன் வேண்டும் என்று ஒரு வரி: ‘ஐ நீட் இட் ஃபார் த ஃபோர் ஓ க்ளாக் கால்.’ காரணம் சொல்லிக் கேட்டால் எந்த ஊர்க்காரரும் கோபப்பட மாட்டார்.

‘ஐ ஹேவ் அ டவுட் இன் யுவர் டிசைன்’ என்று எழுதியதற்கு ஒருவர் முகம் சுளித்தார். (வைட்ஃபீல்டு)

நமக்குச் சந்தேகம் என்ற ஒரே சொல், வகுப்பில் கை தூக்கிக் கேட்பதையும் குறிக்கும், நம்பாமல் பார்ப்பதையும் குறிக்கும். ‘டவுட்’டில் இரண்டாவதுதான் மேலோங்கி நிற்கிறது. உங்கள் வடிவமைப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று அவர் படித்திருப்பார். ‘ஐ ஹேவ் அ கொஸ்டின் அபவுட் யுவர் டிசைன்’ என்று எழுதுங்கள்.

‘ஐ ஹேவ் செண்ட் த ஃபைல் எஸ்டர்டே’ சரியா? ‘டிஸ்கஸ் அபவுட்’, ‘கேன் ஏபிள் டு’, ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’? (ஓசூரிலிருந்து வந்துபோகும் வாசகர்)

நான்குமே பிழை. ‘நேற்றே அனுப்பியிருக்கிறேன்’ என்பது நல்ல தமிழ். ஆங்கிலத்தில், முடிந்துபோன நேரத்தைக் குறிக்கும் சொல் வந்துவிட்டால் ‘ஹேவ்’ வராது: ‘ஐ செண்ட் த ஃபைல் எஸ்டர்டே’. ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘பற்றி’ அடக்கம், ‘அபவுட்’ தேவையில்லை. ‘கேன்’ என்றாலே முடியும். ‘ஏபிள்’ சேர்த்தால் முடியும் முடியும் என்று இரண்டு முறை சொன்னதாகும். கடைசிப் பிழைக்குத் தமிழைக் குறை சொல்ல முடியாது. ‘என் நண்பர்களில் ஒருவர்’ என்று நாம் பன்மையில்தானே சொல்கிறோம்? அங்கேயும் ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்றே எழுதுங்கள்.

ஃபீட்பேக்ஸ், எக்விப்மென்ட்ஸ் எழுதலாமா? (ஜாலஹள்ளி)

கூடாது. அட்வைஸ், இன்ஃபர்மேஷன், சாஃப்ட்வேர், ஃபர்னிச்சர் எல்லாம் இதே குடும்பம். எவ்வளவு இருந்தாலும் ‘எஸ்’ சேராது.

தேதியும் தொகையும் எழுதும்போது குழப்பம் வருகிறது. (மான்யதா டெக் பார்க்)

இதில் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் பணமும் காலமும் கைநழுவிப் போகும். 05/06 என்று நீங்கள் ஜூன் 5-ஐ எழுதினால், அமெரிக்காவில் இருப்பவர் மே 6 என்று படிப்பார். மாதத்தை எழுத்தில் எழுதிவிடுங்கள். தொகையிலும் அப்படித்தான். 10 லட்சம் என்றால் 1 மில்லியன், 1 கோடி என்றால் 10 மில்லியன். வெளிநாட்டுக்குப் போகும் கடிதத்தில் மில்லியனில் எழுதுங்கள். காற்புள்ளி விழும் இடமும் மாறும்: நமக்கு 10,00,000, அவர்களுக்கு 1,000,000. விலைப்பட்டியல் அனுப்பும் முன் இந்த ஒன்றை மட்டுமாவது இரண்டாம் முறை பாருங்கள்.