ஃபெயருக்குப் பூக் கொண்டுபோகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ரொறன்ரோவைச் சுற்றியுள்ள ஊர்களில் செப்டெம்பரும் ஒக்டோபர் முற்பகுதியும் ஃபெயர், அதாவது விவசாயக் கண்காட்சிக் காலம். மார்க்கம் ஃபெயர் 1844இலேயே தொடங்கினது. மாடும் குதிரையும் பூசணியும் பார்க்கப் போகிற எங்கட ஆக்கள் பலருக்கு ஒரு விசயம் தெரியாது: மண்டபத்துக்குள் வரிசையாக வைத்திருக்கிற பூக்கள் எல்லாம் வீட்டுக்காரர் வளவில் வளர்த்துக் கொண்டுவந்தவை. நீங்களும் வைக்கலாம். நான் பதினாலு வருசமாக வைக்கிறேன். அதில் நாலு வருசம் நடுவருக்குப் பக்கத்தில் நின்று குறிப்பும் எழுதினேன். பூவையும் பூச்சாடியையும் பற்றிக் கேளுங்கோ.

கேட்க முதல் ஒன்று. நீங்கள் போகிற ஃபெயரின் பரிசுப் புத்தகத்தை வாசியுங்கோ, போட்டிப் பிரிவும் விதியும் அதில்தான் இருக்கும். ஊருக்கு ஊர் விதி வேறு.

ஸ்காபரோ வாசகி: பின்வளவில டேலியா சாப்பாட்டுக் கோப்பை அளவில பூத்திருக்கு. முதல்தரம் வைக்கப்போறன். எப்பிடி வெட்டிக் கொண்டுபோறது, எதைப் பார்த்துப் பரிசு குடுப்பினம்?

பதில்: முதலில் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு வளவுக்குள் போங்கோ தங்கச்சி. டேலியாவை அளவு பார்த்துத்தான் பிரிப்பார்கள். "4 அங்குலத்துக்குக் குறைந்த மூன்று பூ" என்று புத்தகம் சொன்னால், கோப்பையளவுப் பூ அங்கே கணக்கிலேயே வராது. எட்டு அங்குலத்துக்கு மேற்பட்ட ஒற்றைப் பூவுக்கு வேறு பிரிவு இருக்கும். அங்கே கொண்டுபோங்கோ.

மூன்று கேட்கிற பிரிவில் பெரிசு வெல்லாது, ஒன்றுபோல இருப்பதுதான் வெல்லும். என் இரண்டாவது வருசம் ஏழு அங்குலத்தில் இரண்டு பூவும் ஐந்து அங்குலத்தில் ஒன்றும் வைத்தேன். அந்த இரண்டும் அந்த மேசையிலேயே வடிவான பூக்கள். முதற்பரிசு போனது மூன்று சின்னப் பந்து டேலியாக்களுக்கு. ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தன. ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே பக்கம் பார்த்த தலை, காம்பு கூட ஒரே நீளம். அன்றைக்கு அதற்கு முன்னால் நின்று பார்த்ததில்தான் இந்தப் போட்டி எனக்கு விளங்கினது.

பூவைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கோ. நடுவர் கட்டாயம் பார்ப்பார். பின்னிதழ் வாடி, பழுப்பு விளிம்பு கட்டியிருந்தால் அந்தப் பூ முடிந்துவிட்டது. முன்பக்கம் நடுமொட்டு இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். அடுக்கு டேலியாவில் நடுவில் மஞ்சள் கண் தெரிந்தால் புள்ளி குறையும். காம்பு நிமிர்ந்து நிற்க, தலை சற்றுச் சரிந்து உங்களைப் பார்க்க வேண்டும்.

வெட்டுகிறது விடியப்புறம், வெயில் ஏற முதல். வாளியைக் கையோடு கொண்டுபோங்கோ. வெட்டின காம்பைக் காற்றில் வைத்துக்கொண்டு கதைபேசி நிற்காதேங்கோ. பிறகு 70 பாகை செல்சியஸ் அளவான சுடுதண்ணியில் காம்பின் அடியை இரண்டு மூன்று அங்குலம் விட்டு, தண்ணி ஆறும்வரை விடுங்கோ. டேலியா தண்ணி இழுக்கச் சோம்பல்படுகிற பூ, இந்தச் சூடு அதற்கு உதவும். அதன்பிறகு ஆழமான குளிர்தண்ணியில், பேஸ்மன்டில், இருட்டில் இரவு முழுக்க வையுங்கோ. தண்ணிக்குள் ஓர் இலை கூட இருக்கக் கூடாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். தண்ணிக்குள் அழுகிற இலைதான் பாதிப் பூக்களை மேசைக்கு வர முதலே கொல்கிறது.

இன்னொன்று. வாலில் இடுக்கி வைத்த பழுப்புப் பூச்சி டேலியா இதழ்களுக்கு இடையில் பகலில் படுத்திருக்கும். நான் குறிப்பெழுதின ஒரு வருசம், நடுவர் ஒரு வெள்ளைப் பூவைத் தூக்கி மெல்லத் தட்டினார். மூன்று பூச்சி மேசைத்துணியில் விழுந்து ஓடின. அந்தப் பூ அதோடு சரி. ஓகஸ்டிலேயே ரின்மீன் பேணியில் கொஞ்சம் எண்ணெயை மிச்சம் விட்டு, செடிக்குக் கீழே மண்மட்டத்துக்குப் புதைத்து வையுங்கோ. மீன் மணத்துக்கு வந்து விழுந்து சாகும்.

கொண்டுபோகச் சோடாப் போத்தல் பெட்டி நல்லது. போத்தலுக்குள் கொஞ்சக் கல், பாதித் தண்ணி, ஒரு போத்தலுக்கு ஒரு பூ. பூவுக்குப் பூ முட்டக் கூடாது.

ஏஜாக்ஸ் வாசகர்: கடையில் வாங்கின ரோசாவை வைத்தால் கண்டுபிடிப்பார்களா?

பதில்: வைக்காதேங்கோ.

பிரம்டன் வாசகி: கிளாடியோலஸ் எப்போதும் ஃபெயருக்கு முதலே முடிந்துவிடுகிறது.

பதில்: மே மாதம் நட்டால் முடியத்தான் செய்யும். கிழங்கு நட்டு 70 முதல் 100 நாளில் பூக்கும், இனத்தைப் பொறுத்தது. ஃபெயர் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கோ. செப்டெம்பர் கடைசி என்றால் யூன் நடுவிலிருந்து பத்து நாளுக்கு ஒரு தொகுதியாக மூன்று தரம் நடுங்கோ. ஒன்று தப்பினாலும் மற்றது கைகொடுக்கும். வைக்கிற தண்டில் கீழ் மூன்றிலொரு பங்கு விரிந்து, நடுப்பங்கு நிறம் காட்டி, நுனி பச்சை மொட்டாக இருக்க வேண்டும். அடிப்பூ வாடிவிட்டதென்று பிய்த்து எடுத்தால் அந்த இடம் வெறுமையாகத் தெரியும்.

மார்க்கம் வாசகி: போன வருசம் என் சீனியாவுக்கு நீல ரிபன் குத்தியிருந்தார்கள். நீலம் என்றால் முதலாவது என்று யூரியூப்பில் பார்த்தேன். பரிசுக் காசு மட்டும் இரண்டாம் இடத்துக்கு வந்தது. பிழையா?

பதில்: பிழையில்லை. நீங்கள் பார்த்தது அமெரிக்க யூரியூப். அங்கே முதலாவது நீலம். கனடாவில் வழக்கமாக முதலாவது சிவப்பு, இரண்டாவது நீலம், மூன்றாவது வெள்ளை. முதல் வருசமே இரண்டாம் இடம் பெரிய விசயம்.

மிசிசாகா வாசகர், சொந்த ஊர் திருச்சி: எங்க வீட்டுச் செவ்வந்தியை எந்தப் பிரிவில் வைக்கணும்? புத்தகத்தில் கிரிசாந்திமம் தனி, மேரிகோல்ட் தனி என்று இருக்கு.

பதில்: பெயரை விடுங்கோ, இலையைப் பாருங்கோ. ஓர் இலையைக் கிள்ளிக் கசக்குங்கோ. சிறகு போல இரண்டு பக்கமும் சின்ன இலைகள் அடுக்கி, விளிம்பில் பல் வெட்டி, மூக்கில் அடிக்கிற மணம் வந்தால் மேரிகோல்ட். ஒற்றை இலையாக, வளைந்த வெட்டுகளோடு, அடிப்பக்கம் சாம்பல் பூத்தது போல இருந்தால் கிரிசாந்திமம். காய்ந்த பூ இருந்தால் உதிர்த்துப் பாருங்கோ. கறுப்பு ஊசிபோல நீள விதை, நுனியில் வைக்கோல் நிறக் குஞ்சம் என்றால் மேரிகோல்ட்டேதான்.

ஸ்காபரோ வாசகர், சொந்த ஊர் கொக்குவில்: என்னக்கா குழப்புறியள்? செவ்வந்தி எண்டாலே மேரிகோல்ட்தான். வாணி விழாவுக்கு அம்மா கட்டின மாலை எல்லாம் அதுதானே.

மிசிசாகா வாசகர்: இல்லைங்க. மேரிகோல்ட்டை நாங்க செண்டுமல்லின்னு சொல்வோம், சில ஊர்ல கேந்தி. செவ்வந்தின்னா சாமந்திதான், அதாவது கிரிசாந்திமம். மலைக்கோட்டைத் தாயுமானவருக்கே செவ்வந்திநாதர்னு பேரு இருக்கு.

கொக்குவில் வாசகர்: கோயில் பேர் வேற, பூ வேற. எங்கட ஊரில ஆரைக் கேட்டாலும் நான் சொல்லுறதைத்தான் சொல்லுவினம்.

பதில்: இரண்டு பேரும் கேளுங்கோ, எனக்கும் இது பிடித்த சங்கதி. மேரிகோல்ட் மெக்சிக்கோப் பக்கத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கப்பல் வந்த பிறகுதான் எங்கட பக்கம் வந்திருக்க முடியும். அதற்கு முந்தின செவ்வந்தி எதுவாக இருந்தாலும் அது மேரிகோல்ட் இல்லை. அந்த அளவில் திருச்சித் தம்பி சொல்வது சரி. ஆனால் புதிதாக வந்த பூவுக்கு, பார்வைக்குக் கிட்டின பழைய பூவின் பெயரைச் சனம் வைப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. கொக்குவில் அம்மா கட்டினதும் செவ்வந்தி மாலைதான், அதை ஒருவரும் மாற்ற முடியாது. இங்கிலீசில் மட்டும் என்ன வாழ்கிறது? புத்தகத்தில் "ஆபிரிக்க", "பிரெஞ்சு" என்று இரண்டு மேரிகோல்ட் பிரிவு இருக்கும். இரண்டும் மெக்சிக்கோப் பக்கம்தான். பெரிய பந்துப்பூ ஆபிரிக்க, அதாவது டகெட்டஸ் எரெக்டா. சின்னச் செடியில் மஞ்சளும் செம்பழுப்பும் கலந்து பூக்கிறது பிரெஞ்சு, டகெட்டஸ் பட்டுலா.

பிக்கரிங் வாசகி: எங்கட அம்மம்மா மேரிகோல்ட், சாமந்தி இரண்டையும் செவ்வந்தி எண்டுதான் சொல்லுவா. சின்னச் செவ்வந்தி, பெரிய செவ்வந்தி.

கொக்குவில் வாசகர்: பார்த்தியளா!

மிசிசாகா வாசகர்: அதுல சாமந்தியும் செவ்வந்திதான்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்களே.

பதில்: சரி, இதோடு போதும். நான் இதை இழுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு வருசம் ஓர் ஊரில் குறிப்பெழுதிக்கொண்டு நின்றேன். கிரிசாந்திமம் பிரிவில் செம்மஞ்சள் மேரிகோல்ட் மூன்று நின்றன. மூன்றும் உள்ளங்கை நிறைய, ஓர் இதழ் பிசகில்லை. அட்டையில் எங்கட ஆள் ஒருவரின் பெயர். நடுவர் குனிந்து கனநேரம் பார்த்தார். பிறகு "பிரிவுக்குரியதல்ல" என்று எழுதச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். பக்கத்து மேசைக்கு வந்திருந்தால் அந்தப் பூவுக்கு நிகராக ஒன்றும் இருக்கவில்லை. நான் வாய் திறக்கக் கூடாது, அது விதி. பின்னேரம் அந்த ஐயா பேரப்பிள்ளையோடு வந்து, ரிபன் இல்லாத தன் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டில் எந்தப் பெயரும் சொல்லுங்கோ, அட்டையில் மட்டும் இலையைப் பார்த்து எழுதுங்கோ.

ஏஜாக்ஸ் வாசகி: கடையில் இப்ப நல்ல செவ்வந்திச் சாடி வந்திருக்கிறது. வாங்கி வைக்கலாமா?

பதில்: மேலே ஒருவருக்குச் சொன்னேன். நீங்கள் வளர்த்ததாக இருக்க வேண்டும். சாடிச் செடிகள் குறைந்தது மூன்று மாதமாவது உங்கள் கையில் இருந்திருக்க வேண்டும் என்று பெரும்பாலும் விதி இருக்கும்.

விற்பி வாசகர்: சாடியோடு வாங்கி வேறு சாடிக்கு மாற்றினால்?

பதில்: இல்லை. சாடி மாறினாலும் வளர்த்தது நீங்கள் இல்லை.

ஸ்காபரோ வாசகர்: பாகற்காய், கறிவேப்பிலைச் சாடி வைக்கலாமா?

பதில்: பாகற்காய் மரக்கறிப் பகுதி. அவர்களிடம் கேளுங்கோ. கறிவேப்பிலையை மூலிகைச் சாடிப் பிரிவு இருந்தால் வையுங்கோ. இரவில் 10 பாகைக்குக் கீழே போகத் தொடங்கினால் உள்ளே எடுத்துவிடுங்கோ, ரிபனை விட மரம் முக்கியம்.

மார்க்கம் வாசகி: மாலை கட்டி வைக்கலாமா? யாழ்ப்பாணத்தில் அப்பா கோயிலுக்குக் கட்டுகிறவர், எனக்கும் பழக்கினவர்.

பதில்: கட்டாயம் வையுங்கோ அக்கா. தனிப்பூப் பிரிவில் இல்லை, அலங்காரப் பிரிவில். அங்கே ஒரு தலைப்புக் கொடுத்திருப்பார்கள், அறுவடை, கொண்டாட்டம் என்று ஏதாவது. அந்தத் தலைப்புக்குள் மாலை வர வேண்டும். அகல உயர அளவு சொல்லியிருப்பார்கள். கால் அங்குலம் மீறினாலும் கழிக்கலாம். சில இடங்களில் அலங்காரத்துக்கு மட்டும் வாங்கின பூவுக்கும் அனுமதி உண்டு. ஆனால் வாடாமல்லி, கோழிக்கொண்டை, மேரிகோல்ட் மூன்றும் இந்த மண்ணில் செழிக்கும், மாலையிலும் நாலு நாள் தண்ணியில்லாமல் தாங்கும். வாழைநாருக்கு எங்கே போவதென்று யோசிக்காதேங்கோ, நல்ல பருத்தி நூல் காணும். முடிச்சு ஒன்றுபோல விழ வேண்டும். நடுவருக்கு மாலை பழக்கமில்லாமல் இருக்கலாம், ஒழுங்கு பழக்கம்.

வோன் வாசகர்: கார்த்திகைப்பூ?

பதில்: ஊரில் கார்த்திகையில் பூக்கிறது இங்கே ஓகஸ்ட், செப்டெம்பரில் சாடியில் பூக்கும். "வேறு கிழங்குப்பூ" என்கிற பிரிவில் வையுங்கோ, அட்டையில் குளோரியோசா சுப்பர்பா என்று எழுதுங்கோ. செடி முழுக்க நஞ்சு, கிழங்கு மிகக் கொடியது, கொல்கிசின் என்கிற நஞ்சு அதில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் கை நீட்டுகிற மேசை என்பதால் பொறுப்பாளரிடம் முதலே சொல்லிவிடுங்கோ.

பிக்கரிங் வாசகி: எத்தனை மணிக்குக் கொண்டுபோக வேண்டும்? எந்த நாள் கடைசி?

பதில்: பரிசுப் புத்தகம்.

விற்பி வாசகி: பதிவுக்குக் காசு எவ்வளவு?

பதில்: பரிசுப் புத்தகம், பிள்ளை. முதல் பக்கங்களிலேயே இருக்கும்.

ஓஷவா வாசகர்: மகளுக்கு ஒன்பது வயது. தானே விதைத்த சூரியகாந்தி ஒன்று இருக்கிறது. வளர்ந்த ஆக்களோடு போட்டி போடலாமா?

பதில்: பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கும், அதில் வையுங்கோ. வெட்டுகிறதும் அட்டை எழுதுகிறதும் அவவே செய்யட்டும். நீங்கள் வாளியை மட்டும் பிடியுங்கோ. இதழ் விரிந்து, நடுத்தட்டில் வெளி வளையம் மட்டும் பூத்திருக்கிற நேரம் வெட்டினால் நல்லது. காம்பு மொத்தம், சோடாப் போத்தலுக்குள் போகாது. கனமான சாடி ஒன்று, அடியில் கல்.

ஸ்காபரோ வாசகி: அக்கா, அடிமட்டத்தோட போய் அளந்தன். ஒரே ஊதா நிறத்தில ஐந்து, ஐந்து, ஆறரை. ஐந்து அங்குலத்தில மூன்றாவது இல்லை. கீழ்க்கிளையில ஒரு மொட்டு நிறம் காட்டுது.

பதில்: ஆறரை அந்த எட்டு அங்குலப் பிரிவுக்குக் காணாது. அந்த அளவுக்கு ஒற்றைப் பூப் பிரிவு புத்தகத்தில் இருந்தால் அதில் வையுங்கோ. அந்த மொட்டுக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன மொட்டு நிற்கும், இப்பவே கிள்ளிவிடுங்கோ. இன்னும் நாலைந்து நாள் வெயில் இருந்தால் விரியும். இரவில் உறைபனி எச்சரிக்கை வந்தால் பழைய பெட்சீற்றால் செடி முழுக்க மூடிவிட்டு, விடிய எடுங்கோ. விரிந்ததும் திரும்ப அளந்து எழுதுங்கோ.