கரண்ட் பாய்லர் போட்டால் ஆர்டர் நிலைக்குமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் போடும் யூனிட் நடத்துகிறேன். 3 டன் பாய்லரில் நிலக்கரியும் விறகும் கலந்து எரிக்கிறோம். நிலக்கரியைக் குறைக்கச் சொல்லி வெளிநாட்டு பையர் நெருக்குகிறார். 'ஐரோப்பாவில் கார்பன் வரி வந்துவிட்டது, கரண்ட் பாய்லருக்கு மாறாவிட்டால் ஆர்டர் போய்விடும்' என்று ஒரு ஏஜென்ட் கொட்டேஷனோடு வந்து நிற்கிறார். கடன் வாங்கிப் போடலாமா?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். அந்த வரிப் பட்டியலில் துணி எங்கே இருக்கிறது என்று ஏஜென்ட்டிடம் கேளுங்கள். இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம். பனியன் இல்லை. இந்தப் பூச்சாண்டியைக் காட்டி மெஷின் விற்பவர்களை ஊருக்கு நாலு பேராவது பார்க்கிறேன்.

பையர் கேட்பது, உங்கள் துணிக்காக எவ்வளவு கார்பன் வெளியேறியது என்ற கணக்கு. நம் கிரிட் கரண்டில், அதாவது மின்வாரிய லைனில் வரும் கரண்டில், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதே சூட்டை, ஒழுங்காக ஓடும் நிலக்கரி பாய்லரில் எடுத்தால் அரைக் கிலோவுக்குள் முடியும். கடன் வாங்கிப் புகையைக் கூட்டுவீர்கள். என்ன, புகை உங்கள் கூண்டில் வராமல் அனல் மின் நிலையத்துக் கூண்டில் வரும்.

காசும் கட்டாது. சுமாரான ஒரு கிலோ விறகு பாய்லரில் தரும் சூட்டுக்கு இரண்டரை யூனிட் கரண்ட் வேண்டும். யூனிட் 8 ரூபாய் என்றால் 20 ரூபாய். விறகை அந்த விலைக்கா இறக்குகிறீர்கள்?

'எனக்குச் சொந்தக் காற்றாலை இருக்கிறதே' என்பீர்கள். இருந்தால் புகைக் கணக்கு மாறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காற்று மே முதல் செப்டம்பர் வரை. பாய்லர் பன்னிரண்டு மாதமும் எரிய வேண்டும். மிஞ்சிய யூனிட்டைச் சேர்த்து வைக்கும் பேங்கிங் விதி, காற்றாலை எந்த வருஷம் நட்டது என்பதைப் பொறுத்தது. அந்த விதியைப் புரிந்துகொள்ளவே தனியாக ஒரு ஆள் வைக்க வேண்டும், அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். அதோடு, அந்தக் கரண்டின் பசுமைச் சான்றிதழை நீங்கள் ஏற்கெனவே விற்றிருந்தால், பையரிடம் அதையே மறுபடி காட்ட முடியாது. இந்த மூன்றையும் தாண்டியவர் மட்டும் யோசிக்கலாம்.

உங்கள் சூடு வீணாகப் போகிற இடம் கழிவுநீர் டிரெயினேஜ். காட்டன் சாயத்துக்கு 60 டிகிரி, பிளீச்சிங்குக்கு 95 சுமார். அந்தச் சுடுதண்ணீரைக் கீழே விட்டு, சுத்திகரிப்பில் கழிவைத் தின்னும் பாக்டீரியா சாகக் கூடாதென்று கூலிங் டவர் ஓட்டி ஆற்றுகிறீர்கள். பக்கத்திலேயே பச்சைத் தண்ணீரைக் காய்ச்சுகிறீர்கள். இரண்டுக்கும் நடுவே, தண்ணீர் கலக்காமல் சூட்டை மட்டும் மாற்றிக் கொடுக்கும் ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் போடுங்கள். பஞ்சு அடைக்கும், வடிகட்டி வைத்து வாரம் ஒருமுறை கழுவினால் ஓடும். நீராவி குளிர்ந்து தண்ணீராகும் கண்டென்சேட்டைப் பாய்லருக்கே திருப்புங்கள்: தண்ணீர் 6 டிகிரி கூடுதலாகச் சூடாக உள்ளே போனால் எரிபொருள் 1 சதவீதம் மிச்சம். ஈர விறகை நிறுத்துங்கள், லோடில் பாதி தண்ணீருக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். துணியை விரித்துக் காயவைக்கும் ஸ்டென்டர் மெஷினை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

பிறகுதான் ஹீட் பம்ப், அதாவது சுற்றியுள்ள காற்றிலோ தண்ணீரிலோ இருக்கும் சூட்டைக் கரண்டால் இழுத்துத் தரும் மெஷின். ஒரு யூனிட் வாங்கி மூன்று யூனிட் சூடு தந்தால் புகை கால் கிலோவுக்கு இறங்கும், செலவும் விறகுக்குப் பக்கத்தில் வரும். ஆனால் கொட்டேஷனில் 'நாலு மடங்கு' என்றிருக்கும். பெரும்பாலும் அது 55 டிகிரி தண்ணீருக்கான கணக்கு. உங்களுக்கு 80 வேண்டுமென்றால், 80-க்கு எத்தனை மடங்கு என்று லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று: ஆடிட்டர் வரும்முன் பாய்லர் ஹவுஸில் ஒரு நோட்டு வையுங்கள். ஷிஃப்ட் வாரியாக எரித்த கிலோ, சாயம் போட்ட கிலோ. பையரிடம் காட்ட முதலில் வேண்டியது அதுதான்.