பேட் மாற்றிய பின் பிரேக் பெடல் மெத்தென்று இறங்குகிறதா?

கேள்வி: பத்து ஆண்டுப் பழைய என் காரில் முன்சக்கர பிரேக் பேடுகளை வீட்டிலேயே மாற்றினேன். இடப்பக்கக் காலிப்பரை (பேடுகளைச் சக்கரத்தின் டிஸ்கில் அழுத்தும் பகுதி) எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று அதற்கு ஆயில் கொண்டுவரும் ஹோஸையும் கழற்றினேன். கொஞ்சம் ஆயில் கொட்டியது. திரும்பப் பொருத்தி, குறைந்த ஆயிலை ஊற்றிவிட்டேன். இப்போது பெடலை மிதித்தால் பாதிக்குமேல் மெத்தென்று இறங்குகிறது, இரண்டு மூன்று முறை மிதித்தால் பிடிக்கிறது. இப்படியே ஓட்டலாமா?

பதில்: ஓட்டக் கூடாது. தெருமுனையிலுள்ள பட்டறை வரைக்கும்கூட வேண்டாம். பேடு மாற்றுவது கவனமுள்ள எவரும் வீட்டில் செய்யக்கூடிய வேலைதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆயில் ஓடும் குழாயைத் திறந்த நொடியிலேயே அது வேறு வேலையாகிவிட்டது. பேடு மாற்ற ஹோஸைக் கழற்றவே தேவையில்லை. காலிப்பரின் போல்ட்டுகளை எடுத்து, அதன் எடை ஹோஸில் தொங்காதபடி ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டிவைத்தாலே போதும்.

பேடு மாற்றியதும் முதல் சில மிதிகளில் பெடல் ஆழமாக இறங்குவது இயல்பு. உள்ளே தள்ளப்பட்ட பிஸ்டன் மீண்டும் வெளியே வந்து பேடைத் தொடும்வரை அப்படித்தான் இருக்கும். பிறகு பெடல் கெட்டியாக நிற்க வேண்டும். உங்கள் பெடலோ சற்று விட்டு மிதிக்கும்போதெல்லாம் மெத்தென்றே இருக்கிறது. இது குழாய்க்குள் காற்று புகுந்ததன் அடையாளம். பிரேக் ஆயில் அழுத்தத்துக்குச் சுருங்காது, காற்று சுருங்கும். ஆகவே உங்கள் கால் தரும் அழுத்தத்தின் பெரும்பகுதி பேடைச் சென்று சேராமல் காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகிறது. அடுத்தடுத்து மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் ஆயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் பகுதி) ஒவ்வொரு முறையும் கூடுதல் ஆயிலை உள்ளே தள்ளுவதால் பெடல் உயர்ந்து பிடிப்பதுபோல் தோன்றுகிறது. அதை நம்பாதீர்கள்: மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவரும்போது மூன்றாவது மிதிக்கு நேரம் இருக்காது.

காற்றை வெளியேற்றும் முன் ஹோஸின் இணைப்பைப் பாருங்கள். அங்குள்ள துளையிட்ட போல்ட்டில், ஹோஸ் முனைக்கு இருபுறமும் பெரும்பாலான கார்களில் ஒவ்வொரு செம்பு வாஷர் இருக்கும். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை சரியாக அடைக்காது; பழையதையே போட்டிருந்தால் இரண்டையும் மாற்றிவிடுங்கள். விலை அற்பம், ஆனால் ஆயில் கசிவதும் கசியாததும் அதில்தான் இருக்கிறது. இணைப்பைத் துடைத்துவிட்டு, வேறொருவரைப் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, ஈரம் படிகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

அடுத்தது, பட்டறையில் 'ஏர் எடுப்பது' என்று சொல்லும் வேலை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கியபின் ஸ்டாண்டின்மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கையையோ தலையையோ நீட்ட வேண்டாம். என்ஜின் அறையிலுள்ள பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் எழுதியிருக்கும் வகை ஆயிலையே, சீல் உடைக்காத புதுப் புட்டியிலிருந்து ஊற்றுங்கள். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது: டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் என்று விதிக்கப்பட்ட கொதிநிலை, ஈரம் ஏறிய நிலையில் 140 டிகிரிக்கே இறங்கிவிடுகிறது. என்ஜின் ஆயிலை ஒரு சொட்டுகூடக் கலக்காதீர்கள். ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

காலிப்பரின் மேற்பகுதியிலுள்ள நிப்பிளில் (காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு) கண்ணாடிபோல் தெரியும் குழாயைச் செருகி, அதன் மறுமுனையைச் சிறிது ஆயில் உள்ள புட்டிக்குள் மூழ்கவையுங்கள். உதவிக்கு வந்தவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடித்திருக்க, நீங்கள் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தால் ஆயிலோடு குமிழிகள் வரும். நிப்பிளை இறுக்கி மூடிய பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் வெளியேறிய காற்று அப்படியே உள்ளே திரும்பும். குமிழியில்லாத ஆயில் வரும்வரை தொடருங்கள், டப்பாவில் அளவு கீழ்க்கோட்டுக்குக் கீழே போகாமல் இடையிடையே நிரப்புங்கள். பழைய வண்டியில் பெடலைத் தரைவரை மிதிக்க விடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பகுதியில் படிந்த துரு சீலைக் கீறக்கூடும். சிந்திய ஆயிலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையேல் பெயின்ட் உரிந்துவிடும்.

வேலை முடிந்ததும் என்ஜினை நிறுத்திவைத்து பெடலை மிதியுங்கள். முதல் மிதியிலேயே கெட்டியாக நின்று, ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தாலும் இறங்காமல் இருக்க வேண்டும். அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யும்போது சற்றே இறங்கினால் அது பூஸ்டர் (உங்கள் மிதிக்கு வலுச் சேர்க்கும் பகுதி) வேலை செய்வதன் அறிகுறி, அச்சம் வேண்டாம். அதன்பின் ஆளில்லாத இடத்தில் நடை வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

பெடல் மெதுவாக இறங்கிக்கொண்டே போனாலோ, அன்று டப்பா முழுவதும் வற்றிப்போயிருந்தாலோ வீட்டு முயற்சியை அத்துடன் நிறுத்திவிடுங்கள். முதல் நிலையில் கசிவோ மாஸ்டர் சிலிண்டர் சீல் பழுதோ இருக்கலாம். இரண்டாவதில் நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுக்க வேண்டும்; ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியென்றால் அதன் பம்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்றப் பெரும்பாலும் ஸ்கேனர் கருவி தேவைப்படும். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள், அல்லது வண்டியை டோ லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.